அமெரிக்காவில் 1:04 நீந்தும் பையன் இங்கிலாந்தில் எங்கே நிற்பான்?

2025 பிப்ரவரி 9 – கேள்வி

மகனுக்கு 11 வயது. அமெரிக்காவில் ஒரு கிளப்பில் நீந்துகிறான். 100 யார்டு ஃப்ரீஸ்டைல் 1:04 (ஒரு நிமிடம் நான்கு நொடி). ஜூலையில் எங்களுக்கு இங்கிலாந்துக்கு மாற்றல். அங்கே இந்த நேரத்துக்கு என்ன மதிப்பு? நீச்சலில் அமெரிக்காதான் முதலிடம், அதனால் அங்கே இறங்கியதுமே முன்வரிசைக்கு வந்துவிடுவான் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். சரிதானா?

பிப்ரவரி 9, இரவு

வீட்டுக்காரர் கணக்கு பலிக்காது. ஒரு நாடு ஒலிம்பிக்கில் வாங்கும் தங்கத்துக்கும் அந்த நாட்டில் 11 வயதுப் பிள்ளை ஒன்று குளத்தில் இறங்கி ஏறுவதற்கும் சம்பந்தம் குறைவு.

இரண்டு பிள்ளைகளை மூன்று நாட்டுக் குளங்களுக்குக் கூட்டிப்போன அப்பா நான். அமெரிக்காவில் நான்கு வருடம், இங்கிலாந்தில் மூன்றரை, 2022 முதல் ஆஸ்திரேலியா. நீச்சல் எனக்குச் சுமார்தான். ஸ்டாப்வாட்ச் அமுக்க மட்டும் நன்றாக வரும். மூன்று நாட்டிலும் கரையில் நின்று நேரம் எடுத்திருக்கிறேன்.

1:04-ஐ 50 மீட்டர் குளத்துக்கு மாற்றினால் 1:13 பக்கம் வரும் என்று ஏதாவது ஓர் அட்டவணை சொல்லும். நம்ப வேண்டாம். அமெரிக்கப் பிள்ளைகள் இலையுதிர் காலத்திலிருந்து வசந்தம் வரை 25 யார்டு குளத்தில்தான் நீந்துகிறார்கள். அது 23 மீட்டர். கோடையில் மட்டும் 50 மீட்டர். உலகத்தில் வேறு யாரும் யார்டுக்கு மெனக்கெடுவதில்லை. நம் புடவைக் கடைக் கஜம்தான் அது. கஜத்தில் அளந்த பிள்ளையை மீட்டரில் விரித்தால் எங்கோ ஓரிடத்தில் துணி போதாது.

பிப்ரவரி 11

23 இல்லை, 22.86 என்று ஒருவர் திருத்தியிருக்கிறார். சரி, 22.86. அந்த 14 சென்டிமீட்டரைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சுவர்தான் விஷயம்.

100 யார்டில் மூன்று திருப்பம். 50 மீட்டர் குளத்தில் 100 மீட்டருக்கு ஒரே திருப்பம். ஒவ்வொரு சுவரிலும் உதைத்துவிட்டுத் தண்ணீருக்குள்ளேயே இரு காலையும் சேர்த்து அடிக்கும் டால்ஃபின் உதையோடு 15 மீட்டர் வரை போகலாம் (பிரெஸ்ட்ஸ்ட்ரோக்குக்குச் சட்டம் வேறு). 22.86 மீட்டர் குளத்தில் 15 மீட்டர் என்றால் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு. 50 மீட்டரில் அதே 15 பத்தில் மூன்று பங்குதான். நன்றாகத் திரும்பத் தெரிந்த குட்டைப் பையன் யார்டில் ராஜா. மீட்டருக்கு வந்தால் கை நீளமானவன் மெதுவாக வந்து தாண்டிவிடுவான்.

உங்கள் பையன் திருப்பத்தில் கெட்டிக்காரனா, நடுக்குளத்தில் கெட்டிக்காரனா? அதைத் தெரிந்துகொள்ளாமல் 1:04-ஐ வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இங்கிலாந்தில் பெரும்பாலும் 25 மீட்டர் குளங்கள்தான் என்பதால் அடி கொஞ்சம் மெதுவாக விழும். ஆஸ்திரேலியாவுக்கு நேரே போயிருந்தால் பலமாக விழும்.

பிப்ரவரி 12

எழுத்துகளைப் பற்றிச் சொல்ல மறந்தேன். அமெரிக்காவில் ஒவ்வொரு வயதுப் பிரிவுக்கும் ஒவ்வொரு தூரத்துக்கும் நேர வரம்பு போட்டு பி, டபுள் பி, ஏ, டபுள் ஏ என்று நாலு ஏ வரைக்கும் படி வைத்திருக்கிறார்கள். ஊக்கம் கொடுக்கத்தானாம். கொடுக்கவும் செய்கிறது. என் மகள் பத்து வயதில் "நான் பேக்ஸ்ட்ரோக்கில் டபுள் ஏ" என்று விருந்தாளிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர்கள் பேட்டரியைப் பற்றிப் பேசுகிறாள் என்று நினைத்தார்கள்.

இங்கிலாந்துக்கு வந்ததும் அந்த எழுத்துகள் ஒரே நாளில் செல்லாக்காசு. எங்களுக்கு வாய்த்த கிளப்பில் யார்டு நேரங்களைப் பதிவே செய்யவில்லை. முதல் போட்டியில் அவள் பெயருக்கு எதிரே நேரம் என்ற இடம் காலி. புதிதாகக் கற்றுக்கொள்கிற பிள்ளைகளோடு முதல் ஹீட்டில், அதாவது ஒன்றாக இறங்கும் குழுக்களில் முதலாவதில், நின்றாள். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் பேசவில்லை. நானும் அப்போது அவளைவிடக் கொதித்தேன். இப்போது நினைத்தால், கொதித்ததில் பாதி என்னுடைய கௌரவம்.

பிப்ரவரி 16

வயது எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். பெற்றோர்கள் அதிகம் சண்டை போடுகிற இடம் இதுதான், கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

அமெரிக்காவில் போட்டி தொடங்கும் நாளில் உனக்கு என்ன வயதோ அதுதான் உன் வயது. பிரிவுகள் பெரும்பாலும் இரண்டிரண்டு வருடம்: 10 வரை, 11–12, 13–14 என்று. இதனால் ஒரு விசித்திரம். பன்னிரண்டு வயது பதினோரு மாதமாக இருக்கும்போது பிள்ளை பிரிவில் யானை. பிறந்தநாள் கேக் வெட்டிய மறுநாள் 13–14 பிரிவில் எலி. முக்கியமான போட்டி பிறந்தநாளுக்கு முன்னால் வர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற பெற்றோர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

இங்கிலாந்தில் பல போட்டிகளில் டிசம்பர் 31 அன்று எத்தனை வயது ஆகியிருக்குமோ அதை வருடம் முழுக்க வைத்துக்கொள்கிறார்கள். சிலவற்றில் போட்டியின் கடைசி நாள் கணக்கு. என் மகள் நவம்பரில் பிறந்தவள். 2019 மார்ச்சில் அவளுக்குப் பன்னிரண்டு வயது நான்கு மாதம். அமெரிக்காவாக இருந்தால் 11–12 பிரிவு. இங்கே அவள் 13. பக்கத்துத் தடத்தில் அந்த ஜனவரியில் பிறந்தநாள் கொண்டாடிய பெண், பத்து மாதம் பெரியவள். அந்த வயதில் பத்து மாதம் என்பது ஒரு தலை உயரம்.

ஆஸ்திரேலியாவில் வயது போட்டியின் முதல் நாளில் எண்ணப்படுகிறது, அமெரிக்கா போலவே. ஆனால் மாநில, தேசிய வயதுப் போட்டிகளில் வயதுகளை ஒவ்வொரு வருடமாகப் பிரிக்கிறார்கள்: 13, 14, 15 தனித்தனி. யானை எலி ஆகும் கூத்து குறைவு. மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான்.

பிப்ரவரி 17

நேற்றைய குறிப்பைத் திரும்பப் படித்தேன். நவம்பர்ப் பிள்ளையின் அப்பா அழுத அழுகை மாதிரி இருக்கிறது. டிசம்பர் 31 கணக்கை ஆங்கிலேயர் விளையாட்டுக்கு வைத்ததில்லை. உலக ஜூனியர் போட்டியும் அதே தேதியைத்தான் பார்க்கிறது. எங்கோ ஓரிடத்தில் கோடு போட்டுத்தானே ஆக வேண்டும். ஜனவரிப் பிள்ளைக்கு அப்பாவாக இருந்திருந்தால் அந்த விதியின் நியாயத்தை இதே இடத்தில் நான்கு பத்தி எழுதியிருப்பேன்.

மார்ச் 2

இங்கிலாந்துப் போட்டிகளில் உங்களை வியக்க வைக்கப்போகிற ஒன்று: வேகமாக நீந்தினால் சீட்டுக் கொடுப்பார்கள்.

அங்கே போட்டிகளுக்கு நிலை 1 முதல் நிலை 4 வரை உரிமம் உண்டு. நிலை 1 என்றால் 50 மீட்டர் குளம், தேசியப் போட்டிக்குத் தகுதி பெறும் இடம். கீழ் நிலைகளில் சில போட்டிகளுக்கு "இதைவிட வேகமாக நீந்துபவர் வரக்கூடாது" என்று மேல் வரம்பு வைப்பார்கள். பதிவு செய்தபோது வரம்புக்குள் இருந்த பிள்ளை அன்றைக்குப் பார்த்து அதைத் தாண்டி வேகமாக நீந்திவிட்டால் சாலையில் வேகமாகப் போன காருக்குக் கொடுப்பது போல அபராதச் சீட்டு ஒன்றை நீட்டுவார்கள். பல இடங்களில் பதக்கம் கிடையாது, சீட்டு மட்டும்தான்.

முதல் தடவை என் மகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு, தப்பு செய்த முகத்தோடு வந்தாள். அபராதத்தை எங்கே கட்டுவது என்று நான் உண்மையிலேயே மேசையில் விசாரித்தேன். அங்கிருந்த அம்மாள் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. ஆனால் யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு வரம்புக்குள் நீந்தி மூன்றாவதாக வந்த பிள்ளைக்கு, வாழ்க்கையில் வேறெங்கும் கிடைக்காத பதக்கம் ஒன்று கிடைத்தது. அமெரிக்காவில் அந்தப் பிள்ளையைக் கோடைக்காலச் சிறு கிளப்புகள் காப்பாற்றும். இங்கே இந்த வரம்புதான் காப்பாற்றுகிறது.

மார்ச் 3

அந்தக் கோடைக்காலக் கிளப் என்ன என்று கேள்வி. குடியிருப்புப் பகுதிக்கு ஒரு குளம், குளத்துக்கு ஓர் அணி, ஜூன் ஜூலையில் பக்கத்துக் குடியிருப்போடு மோதல். ஐந்தாறு வயதுப் பிள்ளைகூட இறங்கும். எந்தப் போட்டி, எந்த ஹீட், எந்தத் தடம் என்று அழியாத மையால் கையில் கட்டம் போட்டு எழுதிவிடுவார்கள். முதுகில் "என் நுரையைக் குடி" என்கிற பாணியில் எதிரணிக்கு வசனம். பாதிப் பிள்ளைகள் கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே கரை சேரும். மைக்கில் பேசுபவர் அதற்கும் கைதட்டச் சொல்வார். அமெரிக்க நீச்சலின் பலம் எங்கே என்றால் நான் பதக்க மேடையைக் காட்ட மாட்டேன், இந்த மை எழுதிய கைகளைக் காட்டுவேன்.

இங்கிலாந்தில் பெற்றோருக்குக் கரையில் இடமில்லை. மேலே மாடத்தில் உட்கார வேண்டும், அதுவும் டிக்கெட் வாங்கி. கரையில் பயிற்சியாளர், அணி மேலாளர், அனுமதி பெற்ற துணையாட்கள் மட்டும். பிள்ளைப் பாதுகாப்புக்கான ஏற்பாடு, அதில் குறை சொல்ல மாட்டேன். மாடத்தின் வெக்கையைப் பற்றிக் குறை சொல்வேன். ஸ்வெட்டரோடு போய்விடாதீர்கள்.

மார்ச் 20

ஆஸ்திரேலியா பற்றி எழுதச் சொன்னார்கள். பாரிஸ் 2024-ல் நீச்சல்குளத்தில் அமெரிக்காவுக்கு 8 தங்கம், ஆஸ்திரேலியாவுக்கு 7. மக்கள்தொகையோ பன்னிரண்டில் ஒரு பங்குகூட வராது. அது எப்படி என்று மூன்று வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு காரணம் பள்ளி நீச்சல் விழா. வருடத் தொடக்கத்தில் பள்ளியே கிளம்பிக் குளத்துக்குப் போகும். பள்ளிக்குள் பிள்ளைகளைப் பிரித்திருக்கும் ஒவ்வோர் இல்லத்துக்கும் (ஹவுஸ்) ஒரு நிறம், முகத்தில் சாயம், கத்திக் கத்தித் தொண்டை கட்டும். அங்கே ஜெயித்தால் வட்டாரம், அதற்கு மேல் மண்டலம், பிறகு மாநிலம். கிளப்பில் சேராத பிள்ளைகூட ஒரு நாளாவது நேரம் வைத்து நீந்திப் பார்க்கும். அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளிக்கு அணி இருக்கிறது, ஆனால் தேறியவர்கள் மட்டும். இங்கே பட்டர்ஃப்ளை வராதவனும் இல்லத்துக்கு ஒரு புள்ளி கிடைக்கும் என்று பட்டர்ஃப்ளைக்கு இறங்குவான். நடுக்குளத்தில் அவன் படும் பாட்டைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று வெள்ளிக்கிழமைக் கிளப் இரவு. பல இடங்களில் பயிற்சி ஒரு பக்கம், கிளப் இன்னொரு பக்கம். பயிற்சியாளர் தன் குழுவைத் தன் தொழிலாக நடத்துவார். பெற்றோர்கள் நடத்தும் கிளப் வாராவாரம் சின்னப் போட்டி வைக்கும். பிள்ளை தன் போன வார நேரத்தோடு போட்டி போடும். தோற்றாலும் ஏழு நாளில் அடுத்தது. அமெரிக்காவில் மூன்று நாள் போட்டி, கூடாரம், மடக்கு நாற்காலி என்று வீட்டையே பெயர்த்துக்கொண்டு போன எனக்கு, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் போட்டி பெரிய விடுதலை.

குளங்கள் 50 மீட்டர், திறந்தவெளி. மகள் முதல் நாள் பயிற்சி முடித்து வந்து சொன்னது ஒரே வாக்கியம்: "சுவர் வரவே மாட்டேங்குது அப்பா."

ஏப்ரல் 6

இந்தப் போட்டி, தரவரிசை எல்லாமே பிள்ளைகளுக்குக் கேடு, நார்வேயைப் பார் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அங்கே 11 வயதுக்கு முன் போட்டியே கிடையாது. ஆனாலும் 2011-ல் 100 மீட்டர் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் உலகச் சாம்பியன் அலெக்சாண்டர் டாலே ஊன் அந்த நாட்டிலிருந்துதான் வந்தார்.

ஏப்ரல் 8

மேலே நான் எழுதியது தவறு. நார்வேயில் 11-க்கு முன்னும் போட்டி உண்டு. ஆறு வயதுப் பிள்ளைகூட உள்ளூர்ப் போட்டியில் இறங்கலாம். முடிவுப் பட்டியல், தரவரிசை இவற்றைத்தான் 11 வயது ஆகும்வரை போடக்கூடாது. தேசியச் சாம்பியன்ஷிப் மாதிரியானவை 13 வயதிலிருந்து. 1987-லிருந்து எல்லா விளையாட்டுக்கும் இந்த விதி.

வித்தியாசம் சின்னது போலத் தெரியும், சின்னதில்லை. போட்டி வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை, சுவரில் ஒட்ட வேண்டாம் என்கிறார்கள். என் மகளின் பத்து வயது நேரங்கள் எல்லாம் இன்றைக்கும் இணையத்தில் தேடினால் கிடைக்கும். நார்வேக்காரப் பிள்ளைக்கு அந்தத் தொல்லை இல்லை. பத்து வயதில் எனக்கு ஒன்பதாம் வாய்ப்பாடு தெரியாது. அதை யாரும் இணையத்தில் ஏற்றவில்லை என்பதில் எனக்குத் திருப்தி.

ஒரே உலகச் சாம்பியனைக் காட்டி வாதத்தை நிறுவப் பார்த்ததும் வக்கீல் வேலைதான். வாபஸ்.

ஏப்ரல் 27

நெதர்லாந்து. அங்கே சின்னப் பிள்ளைகளின் நீச்சல் என்றால் டிப்ளோமா: ஏ, பி, சி என்று மூன்று. போட்டு வந்த உடையோடும் காலணியோடும் தண்ணீரில் இறங்கி நீந்திக் காட்ட வேண்டும். தண்ணீருக்குள் தொங்கவிட்ட படுதாவின் ஓட்டை வழியே மூச்சடக்கிப் போக வேண்டும். எங்கே பார்த்தாலும் கால்வாய் உள்ள நாட்டில் பிள்ளை முழுக்காற்சட்டையோடுதானே தவறி விழும், நீச்சல் உடையோடு விழுமா?

இதற்கும் போட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், நிரூபிக்க முடியாத ஒரு வேடிக்கை சொல்கிறேன். ஒலிம்பிக்கில் திறந்த நீர் 10 கிலோமீட்டர் 2008-ல் வந்தது. முதல் ஆண்கள் தங்கம் நெதர்லாந்தின் மார்ட்டன் வான் டர் வைடன். 2016-ல் ஆண், பெண் இரண்டு தங்கமும் அவர்களுக்கே. 2024-ல் செய்ன் நதியில் ஷரோன் வான் ரூவெண்டால் மறுபடி தங்கம். சுவரில்லாத தண்ணீர் என்றால் அவர்களுக்கு ஒரு தெம்பு வந்துவிடுகிறது போலும்.

மே 18

மூன்று மாதம் குளத்து நீளம், பிறந்தநாள், டிப்ளோமா என்று சுற்றிவிட்டேன். உண்மையில் நாடுகளைப் பிரிப்பது பதினெட்டு வயதில் என்ன காத்திருக்கிறது என்பதுதான் என்று இப்போது தோன்றுகிறது. பத்து வயதில் நடப்பதெல்லாம் அதிலிருந்து பின்னோக்கி வருகிறது.

அமெரிக்காவில் பதினெட்டில் ஒரு கதவு திறக்கிறது: பல்கலைக்கழக அணி. உதவித்தொகை, பயிற்சியாளர், குளம், எடைப் பயிற்சிக் கூடம், எல்லாம் படிப்போடு சேர்ந்து. 1972-ல் வந்த தலைப்பு ஒன்பது என்கிற சட்டம் கல்வியில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்றது. அதனால் பெண்கள் அணிகளும் பல்கிப் பெருகின. பல்கலைக்கழகப் போட்டி யார்டில் நடக்கிறது. ஆகவே பள்ளியும் யார்டு, ஆகவே எட்டு வயதுப் பொடியனும் யார்டு. பிப்ரவரியில் யார்டைக் கிண்டல் செய்தபோது இதை நான் யோசிக்கவில்லை.

அந்தக் கதவைத் தேடித்தான் மற்ற நாட்டுப் பிள்ளைகளும் போகிறார்கள். சிங்கப்பூரின் ஜோசப் ஸ்கூலிங் பதின்வயதிலேயே ஃப்ளோரிடாவில் பள்ளிக்குப் போனார், பிறகு டெக்சாஸ் பல்கலைக்கழகம். 2016-ல் 100 மீட்டர் பட்டர்ஃப்ளையில் 50.39, தங்கம். பின்னால் வந்தவர்களில் ஃபெல்ப்ஸும் ஒருவர். பிரான்சின் லியோன் மார்ஷான் துலூஸிலிருந்து அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் போய், பாரிஸில் தனிநபர் தங்கம் நான்கு வாங்கினார். போகாமல் ஜெயித்தவர்களும் உண்டு. ருமேனியாவின் டேவிட் போபோவிச்சி 2022-ல் 17 வயதில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் உலக சாதனையை (46.86) வைத்தது சொந்த நாட்டுப் பயிற்சியில்.

இங்கிலாந்தில் பதினாறிலும் பதினெட்டிலும் பெரிய தேர்வுகள். பயிற்சி வாரத்துக்கு எட்டு தடவை, அதில் பாதி விடியுமுன். தேர்வு வருடத்தில் தடங்கள் எப்படிக் காலியாகும் என்று கண்ணால் பார்த்தேன். செப்டம்பரில் ஆறு பேர் நீந்திய தடத்தில் மார்ச்சில் இரண்டு பேர். ஆஸ்திரேலியாவிலும் பன்னிரண்டாம் வருடம் அதே கதை. இரண்டு நாட்டிலும் பிள்ளையின் கண் கடல் தாண்டிய அந்தக் கதவின் மேல்.

மே 19

"இந்தியாவை ஏன் விட்டீர்கள்?" விடவில்லை, வலிக்கிறது என்று தள்ளிப்போட்டேன்.

அண்ணன் மகன் நன்றாக நீந்துவான். அங்கே பிறந்த வருடத்தை வைத்துக் குழு 1, குழு 2 என்று பிரிவு. வயதுச் சான்றிதழ் மேல் ஒருவருக்கொருவர் சந்தேகம் எப்போதும் மிதந்துகொண்டே இருக்கும். அவனுக்குத் தடையாக வந்தது அது அல்ல, பத்தாம் வகுப்பு. ஒரு வருடம் நிறுத்தச் சொன்னார்கள். பதினொன்றில் இறங்கினான். பன்னிரண்டில் மறுபடி நிறுத்தினான். மூன்றாவது தடவை இறங்கவில்லை. யாரையும் குற்றம் சொல்ல முடியாது. பதினெட்டில் நீச்சலுக்கு ஒரு கதவும் தேர்வுக்கு நூறு கதவும் இருந்தால் எந்தத் தகப்பன் எதைச் சொல்வான்?

சஜன் பிரகாஷ் 2021 ஜூனில் ரோமில் 200 மீட்டர் பட்டர்ஃப்ளை 1:56.38 நீந்தி, ஒலிம்பிக்குக்கு நேரடித் தகுதி தரும் ஏ வரம்பை எட்டிய முதல் இந்தியரானபோது அவருக்கு வயது 27. அதுவரை அவர் எத்தனை கதவுகளைத் தட்டியிருக்க வேண்டும்!

ஜூன் 1

ஜப்பானில் நான் இருந்ததில்லை. மகளோடு நீந்திய ஒரு பெண்ணின் அம்மா ஜப்பானியர், அவர் சொன்னதும் நான் படித்ததும்தான். 1955 மே மாதம் ஷியுன் மாரு என்ற படகு மூழ்கி 168 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் சுற்றுலா போன பள்ளிப் பிள்ளைகள். அதற்குப் பிறகு பள்ளிகளில் குளம் கட்டும் வேகம் கூடியது. பள்ளிக்கு வெளியே தனியார் நீச்சல் பள்ளிகள். நிலை நிலையாகத் தேர்வு, தேறினால் தொப்பியில் புதுச் சின்னம். அவசரமே கிடையாது, ஒரு கை சரியாக வரும்வரை அடுத்த கைக்குப் போக மாட்டார்கள் என்றார் அந்த அம்மா. 1992 பார்சிலோனாவில் 200 மீட்டர் பிரெஸ்ட்ஸ்ட்ரோக் ஜெயித்த கியோகோ இவசாகிக்கு வயது 14 தாண்டி ஆறே நாள். அவசரமில்லாத நாட்டிலிருந்து வந்த பெண்!

அந்த ஜப்பானியப் பெண்ணின் நீச்சலை நான் கரையிலிருந்து பார்ப்பேன். தண்ணீர் தெறிக்காது. என் மகள் போனால் முதல் வரிசைக்கு மழை.

ஆகஸ்ட் 4

சிங்கப்பூர் உலகப் போட்டி நேற்று முடிந்தது. எல்லாரும் என்னை அந்தச் சீனப் பெண்ணைப் பற்றிக் கேட்கிறார்கள். யூ ஸிடி, 12 வயது. 200 மெட்லி (நான்கு வகை நீச்சலும் கலந்தது), 400 மெட்லி, 200 பட்டர்ஃப்ளை மூன்றிலும் நான்காமிடம். ரிலே தகுதிச் சுற்றில் நீந்தியதால் வெண்கலம். பொதுவாக 14 வயது ஆகியிருக்க வேண்டும். ஏ வரம்பை எட்டினால் சின்னப் பிள்ளையும் வரலாம் என்று விதி.

சீனாவில் விளையாட்டுப் பள்ளிகள் சின்ன வயதிலேயே பிள்ளைகளை எடுத்துக்கொள்கின்றன, அது சரியா தவறா என்று அடித்துக்கொள்கிறீர்கள். ஒன்று மட்டும் நினைவூட்டுகிறேன். பழைய கிழக்கு ஜெர்மனியும் பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்துத் தனிப் பள்ளியில் வளர்த்தது. 1976 மான்ட்ரியலில் பெண்கள் நீச்சலில் 13-ல் 11 தங்கம். வைட்டமின் என்று சொல்லிக் கொடுத்த மாத்திரைகள் ஹார்மோன் என்பது பின்னால் ஆவணங்களோடு வெளிவந்தது. அந்தக் கறையை இந்தப் பன்னிரண்டு வயதுப் பெண் மேல் பூசாதீர்கள், அது வேறு கதை. சின்ன வயது அதிசயம் ஒரு நாட்டுச் சொத்தும் அல்ல. ஹங்கேரியின் எகர்செகி 1988-ல் 14 வயதில் தங்கம். ஆஸ்திரேலியாவின் தோர்ப் 15-ல் உலகச் சாம்பியன். அமெரிக்காவின் லெடெக்கி 2012-ல் 15. ஒருவரைப் பார்த்தால் மேதை என்கிறோம், இன்னொருவரைப் பார்த்தால் இயந்திரம் என்கிறோம். கடவுச்சீட்டைப் பார்த்துச் சொல்கிறோமோ?

மூன்று நான்காமிடம். எனக்கு அந்த இரவு அவள் எப்படித் தூங்கினாள் என்றுதான் இருந்தது.

செப்டம்பர் 14

உங்கள் மகள் இப்போது என்ன செய்கிறாள் என்று கேட்டவருக்கு.

2023-ல், பதினாறு வயதில் நிறுத்திவிட்டாள். அடிபடவில்லை, சண்டை இல்லை. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் நான் ஒரு தாள் ஒட்டி வைத்திருந்தேன். அவளுடைய யார்டு நேரங்கள், அவற்றை 25 மீட்டருக்கு மாற்றியது, 50 மீட்டருக்கு மாற்றியது, மூன்று நாட்டு வரம்புகளோடும் ஒப்பிட்டது. நல்ல தாள், நிறமெல்லாம் கொடுத்திருந்தேன். ஒரு நாள் காலையில் அதைக் கிழிக்காமல், மடித்து என் கையில் கொடுத்தாள். "இதுல எந்த நாட்டிலயும் நான் இல்லப்பா" என்றாள்.

பத்து வயதுப் பிள்ளைக்கு விலையுயர்ந்த பந்தய உடை வாங்கி, இருபது நிமிடம் திணறி மாட்டிவிட்டவன் நான். 12 வரை அந்த உடை கூடாது என்று அமெரிக்காவில் 2020 செப்டம்பரில் தடை போட்டார்கள். எங்களுக்குத் தாமதம். அந்தத் தடை அப்பாக்களுக்காகப் போட்டது.

இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். சனிக்கிழமைகளில் நான்கு வயதுக் குஞ்சுகளுக்கு மிதக்கச் சொல்லிக் கொடுக்கிறாள். பெற்றோர்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பது ரொம்ப வசதி என்கிறாள். எந்த நாட்டில் கற்ற பாடம் என்று எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 15

ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி, நான் ஒன்றும் உடைந்துபோய் உட்காரவில்லை. மகன் இன்னும் நீந்துகிறான், 15 வயது. தாள் ஒட்டுவதில்லை. (மனதில் ஒட்டியிருக்கிறது. அதை யாராலும் மடித்துக் கொடுக்க முடியாது.)

நவம்பர் 23

நேற்று மகளின் பிறந்தநாள். குடும்பமாக ஒரு 25 மீட்டர் குளத்துக்குப் போனோம். தம்பி வாய் சும்மா இருக்கவில்லை. இரண்டு வருடம் நீந்தாத அக்காவை 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலுக்குக் கூப்பிட்டான். ஆஸ்திரேலிய 50 மீட்டர் குளத்தில் வளர்ந்த பையன், தோள் அகலம், கை நீளம். வாரத்துக்கு ஏழு பயிற்சி.

அவள் ஜெயித்தாள். நடுக்குளத்தில் ஒவ்வொரு தடவையும் அவன் பிடித்தான். ஒவ்வொரு சுவரிலும் அவள் காணாமல் போய் அவனுக்கு முன்னால் எழுந்தாள். யார்டுக் குளத்தில் எட்டு வயதில் போட்ட திருப்பம். பதினொரு வருடம் ஆகியும் அப்படியே இருக்கிறது. கரையேறியதும் மூச்சு வாங்கப் படுத்துவிட்டாள், கால் மணி நேரம் பேச முடியவில்லை. அவன் அடுத்த ஞாயிறு 50 மீட்டர் குளத்துக்கு வா என்கிறான். அவளா வருவாள்? நேரம் எடுத்தீர்களா என்று இரண்டு பேரும் கேட்டார்கள். கைபேசியை எடுக்கவே மறந்திருந்தேன்.

டிசம்பர் 7

பிப்ரவரியில் கேட்ட அம்மா இன்று எழுதியிருக்கிறார். பையன் புதுக் கிளப்பில் நான்கு மாதமாக நீந்துகிறான். முதல் போட்டியில் நேரம் இல்லாமல், கடைக்கோடித் தடத்தில், தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு இறங்கினானாம். 100 ஃப்ரீஸ்டைலில் முதலில் வந்தான், பதக்கம் கொடுக்கவில்லை, கையில் ஏதோ சீட்டைக் கொடுத்து அனுப்பினார்கள், வீட்டுக்காரர் அபராதம் எவ்வளவு என்று கேட்கிறார் என்கிறார்.

மேலே மார்ச் 2 குறிப்பைப் பாருங்கள் அம்மா. மேசையில் போய் விசாரிக்க வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

டிசம்பர் 7, சற்று நேரம் கழித்து

விசாரித்துவிட்டாராம்.